பெட்டிக்குள் பெய்த மழை

காவேரிப்பட்டணம்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மா இப்போது வாசல் வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் வந்து போகிறாள்.

அரூர்ப் புளியையும் சாமையையும், கூடவே பாட்டிலில் தொக்கையும் லண்டனில் உன் தங்கை மகன் நடத்தும் கடைக்குக் கப்பலில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பலாம். ஆனால் எங்கள் குழு போன வருஷம் பட்டதைக் கேட்டுவிட்டு அப்புறம் இறங்கு.

நாங்கள் அனுப்பியது தட்டை மாதிரி எண்ணெயில் சுடும் நிப்பட்டும் கொஞ்சம் புளியும். கண்டெய்னர் முழுவதும் எடுக்க நம்மிடம் சரக்கு ஏது? பலர் சரக்கைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் ஏற்றும் எல்.சி.எல் முறையில்தான் அனுப்பினோம். ஐப்பசி மாதம், விடாத மழை. அட்டைப்பெட்டிகள் ஒரு வாரம் தகரக் கொட்டகையில் கிடந்தன. பெட்டிகளை அடுக்க அடியில் வைக்கும் மரத்தட்டை, அதாவது பேலட்டை, இங்கே மர அறுவை மில்லில் பச்சை மாமரத்தில் அடித்து வாங்கினோம். சென்னைக்குப் போனதும், முத்திரை இல்லாத மரத்தை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறியிருக்க வேண்டுமாம், அதற்கு அடையாளமாகக் கோதுமைக்கதிர் போட்ட ஒரு முத்திரை உண்டு. மரத்தோடு பூச்சி நாடு கடந்து போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. வேறு பேலட் வாங்கி மாற்றி ஏற்றினோம். பெட்டிகளில் ஏறியிருந்த ஈரத்தைப் பற்றி அன்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மார்கழியில், சரக்கு போய் இறங்கிய இடத்திலிருந்து படம் வந்தது. மேல் வரிசைப் பெட்டிகளில் காசு காசாக ஈரக்கறை. கீழ் வரிசைப் பெட்டிகள் இடுப்பொடிந்த மாதிரி உள்ளே மடங்கியிருந்தன. கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். அங்கே பார்வையிட வந்தவர் கறையின் மேல் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு விட்டிருக்கிறார். உப்புத் தண்ணீராக இருந்தால் பால் மாதிரி வெளுக்கும். வெளுக்கவில்லை. அது நல்ல தண்ணீர். அதாவது, நாங்களே இங்கிருந்து அனுப்பிய தண்ணீர்.

சரக்கை ஏற்றிவிட்ட ஏஜென்ட் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. நம் ஊர் வெக்கையில் மூடிய கண்டெய்னர் குளிர்நாட்டை நெருங்க நெருங்க அதன் கூரைத் தகடு சில்லிட்டுப் போகிறது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நிற்குமே, அதே மாதிரி உள்ளே இருக்கும் ஆவி கூரையில் படிந்து சொட்டுகிறது. இருபதடிக் கண்டெய்னருக்குள் இருக்கும் காற்று முழு ஈரமாக இருந்தாலும் அதில் ஒரு லிட்டர் தண்ணீர்தான் தேறும். மீதியெல்லாம் அட்டையும் மரமும் சரக்கும் குடித்து வைத்திருந்த ஈரம். ஈரம் குடித்த அட்டைக்குப் பலமும் பாதியாகிவிடும், அதனால்தான் அடிப்பெட்டிகள் நசுங்கின. காப்பீட்டுப் பணமும் கிடைக்கவில்லை. பேக்கிங் போதாமல் வந்த சேதத்தைக் கடல் காப்பீடு ஏற்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு பெண்கள் அடுப்படியில் நின்று சுட்ட நிப்பட்டு அது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நனையாத பெட்டிகளிலும் வேறொரு குறை இருந்தது. நாங்கள் போட்ட ஆயுள் நான்கு மாதம், 120 நாள். சென்னையில் பத்து நாள் காத்திருந்தது. கடலில் ஏழு வாரம். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததிலிருந்து பல கப்பல்கள் சூயஸ் கால்வாய்ப் பக்கமே போகாமல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. அதற்கே பத்துப் பதினைந்து நாள் கூடுதல். இறங்கி வெளியே வர இன்னும் ஒரு வாரம். கடை அலமாரிக்குப் போகும்போது பாதி ஆயுள் முடிந்துவிட்டது. எண்ணெய்ப் பண்டத்துக்கு அது பெரிய நஷ்டம், சிக்கு வாடை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

வாடகைக் கணக்கையும் பார். எல்.சி.எல்லில் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், எது அதிகமோ அதற்குத்தான் காசு. 40க்கு 30க்கு 30 சென்டிமீட்டர் பெட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 27 பெட்டி. நிப்பட்டு பெட்டிக்கு நான்கு கிலோ, ஆக 108 கிலோ. அதே பெட்டியில் கொட்டை எடுத்த புளி இருபது கிலோ வைத்தால் 540 கிலோ. இரண்டுக்கும் ஒரே வாடகை. நிப்பட்டை அனுப்பியபோது பாதிக்கு மேல் காற்றுக்குத்தான் வாடகை கொடுத்தோம். அதனால் கப்பலுக்கு ஏற்றது உன் புளிதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நிப்பட்டை இனி விமானத்தில் கொஞ்சமாக அனுப்புவோம், இல்லையென்றால் பெங்களூரோடு நிறுத்திக்கொள்வோம்.

புளியை உலுக்கி, தட்டி, கொட்டை எடுப்பது தை முதல் பங்குனி வரை. நல்ல வெயில் காலம். மாசியில் ஏற்றினால் பெட்டியும் காய்ந்திருக்கும், அங்கே போய்ச் சேரும்போது குளிரும் குறைந்திருக்கும். புளியை நன்றாக உலர்த்து. ஈரப்புளி பெட்டிக்குள் வியர்க்கும், கறுத்தும் போகும். ஐந்து ப்ளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டையாகவே வாங்கு. வெயிலில் ஒரு நாள் காயவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டு அப்புறம் நிரப்பு. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை ஒவ்வொரு பெட்டியிலும் வை. கண்டெய்னரில் பக்கத்துச் சரக்கு என்னவென்றும் விசாரி. ஆம்பூர்த் தோல் ஒட்டி நின்றால் சாமையில் வாடை ஏறிவிடும்.

லேபிளை அச்சடிக்கும் முன் உன் தங்கை மகனிடம் காட்டிவிடு. அங்கே இறக்குமதி செய்பவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். நிலக்கடலை, எள், கோதுமை மாதிரி ஒவ்வாமை தரும் பொருள்கள் இருந்தால் பொருள் பட்டியலில் தடித்த எழுத்து மாதிரி ஏதாவது ஒரு வகையில் தனித்துத் தெரியும்படி போட வேண்டும். நாங்கள் நிப்பட்டு உறையை இதற்காகவே இரண்டாம் தடவை அச்சடித்தோம். புளிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏற்றுமதி எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கைத் துறைமுகத்தில் பதிவது இதையெல்லாம் இப்போதே தொடங்கிவிடு. காகிதம் நகர்வதற்குள் புளி உலுக்கும் காலம் வந்துவிடும்.

தொக்கைப் பாட்டிலில் அனுப்புவதை இந்தத் தடவை விட்டுவிடு. முதலில் புளி மட்டும் போகட்டும்.

தை பிறந்ததும் சொல்லியனுப்பு. உன் களத்துப் புளியில் நாலைந்து பெட்டிக்குப் போதுமான அளவைக் காயவைத்து எடுத்து வை. நான் ஐந்து ப்ளை பெட்டி நாலைந்து கொண்டு வருகிறேன், நிரப்பி, அடுக்கி, மேலே பாரம் வைத்து ஒரு வாரம் உன் வீட்டுத் திண்ணையிலேயே விட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி