ஞாயிறு இரவு எங்களை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்

சென்னையில் பேருந்துகளின் தடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் பெசன்ட் நகர், மெரினா, தீவுத்திடல் ஆகிய இடங்களிலிருந்து வடசென்னைக்குப் புறப்படும் கடைசி சாதாரணக் கட்டணப் பேருந்து இரவு 11 மணிக்கு மேல் கிளம்ப வேண்டும். அது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை நிறுத்தத்தில் எழுதி ஒட்ட வேண்டும். இதற்குப் பாலம் கட்ட வேண்டாம், சுரங்கம் தோண்ட வேண்டாம். இருக்கிற வண்டி, இருக்கிற ரோடு. நேர அட்டவணையில் நாலு வரி மாற வேண்டும்.

நான் வியாசர்பாடியில் குடியிருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் தையல் கம்பெனியில் வேலை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம் என்று 2021 மே மாதம் அறிவித்தபோது, வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதம் இவ்வளவு மிச்சம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. என் அத்தை, என் வீட்டுக்காரரைப் பெற்றவர், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெசன்ட் நகரைப் பார்த்ததில்லை. வீட்டில் காசு புரண்டபோதெல்லாம் அது வேறு எதற்காவது போய்விடும். டிக்கெட் இல்லை என்றானதும் அவரே ஒருநாள், "வேளாங்கண்ணி கோயிலுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போறியாம்மா" என்று கேட்டார். போனோம். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். அப்படியே நடந்து அஷ்டலட்சுமி கோயிலிலும் கும்பிட்டார். பிறகு மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறாவது அங்கே போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

நீங்கள் செய்ததன் பலன் இது. மனசார நன்றி சொல்கிறேன். போன மாதம் நடந்ததையும் அதே மனசோடுதான் சொல்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் அத்தையும், ஒன்பதாவது படிக்கிற மகளும், ஐந்து வயது மகனும். வீட்டுக்காரருக்கு அன்று இரவு வேலை. மணி ஒன்பது அடித்துக் கொஞ்ச நேரத்தில் நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். எங்களுக்கு முன்பே அங்கே கூட்டம். எங்கள் பக்கம் போகிற வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டால், "வரும், வரும்" என்றார்கள். வண்டிகள் வராமல் இல்லை, வந்தன. உள்ளே விளக்கு எரிந்தது, சீட்டெல்லாம் காலி, முன்னால் 'பணிமனை' என்று போர்டு. கை காட்டினால் ஓட்டுநர் கையை அசைத்து, "டிப்போ போகுது, ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகக் காலி வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. நடுவில் வந்த ஒரு கண்டக்டர் மட்டும் இறங்கி வந்து, "அந்தப் பக்கம் கடைசி சிங்கிள் போயிடுச்சேம்மா, வேற பாத்துக்குங்க" என்று சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களிடம் உண்மையைச் சொன்னவர் அன்று அவர் ஒருவர்தான்.

அத்தைக்குச் சர்க்கரை. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். வெளியே கிளம்புகிற நாளில் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வாய் உலர்ந்து உதடு வெடித்திருந்தாலும், "வேணாம்மா, வீட்ல போய் குடிச்சிக்கிறேன்" என்பார். ஏழு, எட்டு மணிக்கு வண்டி ஏறிவிட்டால் அது எப்படியோ தாக்குப் பிடித்துவிடும். அன்று தாக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கழிப்பறையில் பூட்டுத் தொங்கியது. ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டேன், சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். மகன் என் தோளில் தூங்கிவிட்டான். அவனுடைய ஈர டிரவுசரிலிருந்து மணல் உதிர்ந்து என் புடவையெல்லாம் நரநரத்தது. இரண்டு பேர் பைக்கில் அதே இடத்தையே திரும்பத் திரும்பச் சுற்றி வந்தார்கள். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார். அவர் எதை அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர், நடு ரோட்டில், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அப்படி நின்றார். இதை உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால், உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

கடைசியில் ஆட்டோவில்தான் வந்தோம். 450 ரூபாய். மத்தியானத்திலிருந்து நாங்கள் நாலு பேரும் சுண்டல், மாங்காய், ஐஸ், ஒரு பலூன் என்று செலவழித்தது எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதி வராது. ஆட்டோக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013-ல் அரசு கட்டணம் போட்டது. இன்றைக்கு அது கட்டுப்படியாகாது என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேருந்து இருந்திருந்தால் அவரோடு பேரம் பேசி நிற்க வேண்டிய நிலையே எங்களுக்கு வந்திருக்காது.

இந்த ஞாயிறு கிளம்பலாமா என்று கேட்டேன். "நான் வரலம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றார் அத்தை.

அதிகாரிகளே, சாயங்காலம் கடற்கரைக்குப் போகிறவர்கள் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் மணலில் கால் வைக்க முடியும். தீவுத்திடல் பொருட்காட்சியில் விளக்கு போட்ட பிறகுதான் ராட்டினப் பக்கம் கூட்டம் சேரும். இது நீங்களும் அறிந்ததுதான். நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். அப்படியிருக்க, போவதற்கு வண்டி வைத்துவிட்டுத் திரும்புவதற்கு வைக்காமல் விட்டது எப்படி? வார நாட்களைவிட ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு என்பது நிறுத்தத்தில் நிற்கிற யாருக்கும் தெரிகிறது. ஆபீஸ் இல்லை, ஆகவே கூட்டம் இல்லை என்று நினைக்கிறீர்கள் போல. எங்களைப் போன்றவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒரே நாள் அதுதான். வேலைக்குப் போகிற பெண்ணை ஏற்றிக்கொள்வது கடமை என்று நினைக்கிற நீங்கள், அதே பெண் பிள்ளைகளோடு கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முடியாது என்று சொல்லாதீர்கள். சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் நடக்கிற இரவுகளில் மெட்ரோ ரயில் வழக்கமான 11 மணியைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் ரயிலில் காசில்லாமல் போகலாம் என்றும் ஏற்பாடு நடந்தது. நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்லவில்லை. ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறீர்கள். காணும் பொங்கலுக்கு மெரினாவுக்கு விடுகிறீர்கள். ஆக, வண்டியும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள், எப்படிச் செய்வது என்பதும் தெரிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து மேட்ச் பார்க்கிறவர் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த மனசு, பத்து ரூபாய் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வருகிற குடும்பத்துக்காகவும் கொஞ்சம் இரங்கினால் போதும்.

அந்தச் சுண்டலை விற்கிறவரும் எங்களோடுதான் நின்றுகொண்டிருந்தார். காலியான அலுமினியத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கொருக்குப்பேட்டைக்குப் போக வேண்டும். கூட்டம் இருக்கும்வரை வியாபாரம், வியாபாரம் முடிந்தால் வண்டி கிடையாது. எப்படிம்மா போவீங்க என்று கேட்டேன். யாராவது மீன் வண்டிக்காரர் தெரிந்தவராக வந்தால் ஏற்றிக்கொள்வாராம். இல்லையென்றால் விடியும்வரை அங்கேயே படுத்துவிட்டு முதல் வண்டியில் போவாராம். டிக்கெட் இல்லாப் பயணம் அவருக்கும் சேர்த்துத்தானே அறிவித்தீர்கள்?

வடசென்னைக்காரர்கள் கேட்டால் மட்டும் எப்போதும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். எழும்பூர் வரை நாலாவது பாதை போடுகிறோம் என்று 2023 ஆகஸ்ட் கடைசியில் பறக்கும் ரயிலை சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் கடைசியில்தான் அது திரும்ப ஓடியது. பீச்சில் இறங்கி, ரயில் மாறி, மயிலாப்பூர், திருவான்மியூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அந்த ஒரு வருஷத்துக்கு மேல் எப்படிப் போய் வந்தார்கள் என்று யாரும் வந்து கேட்கவில்லை. ரயில் திரும்ப வந்த பிறகும், இருட்டினால் அந்தப் பெரிய பெரிய நிலையங்களின் படிகளில் ஒரு பெண் தனியாக இறங்கப் பயப்படுகிறாள். இது உங்கள் பொறுப்பில் இல்லை, ரயில்வே பொறுப்பு என்பீர்கள். தெரியும். ஆனால் ரயிலில் போக முடியாதவள் உங்கள் நிறுத்தத்துக்குத்தான் வந்து நிற்கிறாள்.

மெட்ரோ வருகிறதே என்றும் சொல்வீர்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போடுகிற தடம் பெரம்பூர், மயிலாப்பூர், அடையாறு வழியாகத்தான் போகிறது. எங்களுக்கு அளவெடுத்தது மாதிரியான தடம், அதில் மகிழ்ச்சிதான். மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை இது. அந்த வேலைக்காகத்தான் ரோடுகள் அடைபட்டு, வண்டிகள் சுற்றிப் போய், ஒரு மணி நேரத்தில் போகிற இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்துதான் வருகிறோம். ஆனால் மெட்ரோ வந்தாலும் அதில் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். அத்தைக்கு வேண்டியது அப்போதும் டிக்கெட் கேட்காத வெள்ளை போர்டு வண்டிதான்.

பேருந்து, மெட்ரோ, ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. மகள் என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். நல்லதுதான். அன்று இரவும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டேதான் நின்றாள். கடைசி வண்டி போன பிறகு செயலி என்ன செய்யும்? அத்தையிடம் இருப்பது பட்டன் போன். சுண்டல்காரம்மாவிடம் அதுவும் இல்லை. அவர்களுக்காகத்தான் சொல்கிறேன், நிறுத்தத்தில் ஒரு தகரப் பலகை வையுங்கள். 'வடசென்னைக்குக் கடைசிப் பேருந்து இத்தனை மணிக்கு' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அந்த நேரத்தை நம்பி மணலிலிருந்து எழுந்து வருவோம். சொன்ன நேரத்துக்கு வண்டி நிற்க வேண்டும், பாதி வழியில் இறக்கிவிடுகிற கட் சர்வீஸாக இருக்கக் கூடாது.

ஓட்டுநர், நடத்துநர்களின் கஷ்டம் தெரியாமல் இதைக் கேட்கவில்லை. என் தம்பியின் சிநேகிதன் ஒருவர் நடத்துநர். இரவு டியூட்டி முடித்து டிப்போவிலேயே படுத்துவிட்டு விடிகாலையில் திரும்ப வண்டி ஏறுவார். கடைசி வண்டியைத் தள்ளிப் போட்டால், அதில் வருகிறவர்களுக்கு மறுநாள் காலையில் ஓய்வு கொடுங்கள். அதற்கு ஆள் சேர்க்க வேண்டும் என்றால் சேர்த்துத்தான் ஆக வேண்டும். எங்களையும் அவர்களையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பதை மட்டும் மறுபடி சொல்லிவிடுகிறேன். பெசன்ட் நகர், மெரினா, தீவுத்திடல் மூன்றிலிருந்தும் சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் இரவு 11 மணிக்கு மேல் வடசென்னைக்கு ஒரு சாதாரணக் கட்டணப் பேருந்து. நிறுத்தத்தில் அதன் நேரம். முதலில் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். கூட்டம் வருகிறதா என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எந்த ஞாயிறிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தமிழ்ப் பேப்பரில் போடுங்கள், நிறுத்தத்திலும் ஒட்டுங்கள். உங்களில் ஒருவராவது ஒரு ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்கு, ஜீப்பை விட்டுவிட்டு, எங்களோடு அந்த நிறுத்தத்தில் வந்து நிற்க வேண்டும் என்றும் தயவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு பயணி