ஃபிளாஷ் பாடங்களை இனி எதில் செய்வது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். எனக்குத்தான் கண்ணாடியின் பவர் மறுபடியும் கூடிவிட்டது.

அசைபடம் செய்யும் அடோபி மென்பொருளான ஃபிளாஷில் செய்துவைத்த ஊசல் பாடமும் ஒளிவிலகல் பாடமும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன, இனி எதில் செய்வது என்று கேட்டிருக்கிறாய். ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முழுக்குப் போட்டுவிட்டது. அடுத்த ஜனவரி 12 முதல் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. ஐபோனில் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கமாக எழுதியபோதே அதற்குச் சனி பிடித்துவிட்டது என்பேன். ஃபிளாஷ் மாதிரியே உலாவியில் தனியாகச் சேர்த்து ஓட்ட வேண்டியிருந்த மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட், ஜாவா ஆப்லெட் எல்லாம் இதே வழியில்தான் போயின. இப்படி உலாவியில் சேர்க்கும் ஒரே நிறுவனத்தின் செருகுநிரலை நம்பினால், அவர்கள் கடையைக் கட்டும்போது நம் பாடமும் போய்விடும். எனவே உலாவி தானாகவே புரிந்துகொள்ளும் ஒன்றில்தான் செய்ய வேண்டும்.

அதில், புள்ளிகளாகத் தீட்டும் கான்வாஸா, கோடு வட்டம் என்று தனித்தனி உருவங்களாக வரையும் எஸ்விஜியா? உனக்கு எஸ்விஜி.

ஊசலையே எடுத்துக்கொள். மாணவன் குண்டைப் பிடித்து இழுக்க வேண்டும். கான்வாஸ் வரைந்த கையோடு எதை வரைந்தோம் என்பதை மறந்துவிடும். அதற்குக் குண்டு என்பது வெறும் புள்ளிக் கூட்டம். விரல் பட்ட இடம் குண்டுக்குள் இருக்கிறதா என்று நீதான் தூரத்தைக் கணக்கிட வேண்டும். பிறகு ஒவ்வோர் அசைவுக்கும் படத்தை அழித்து மறுபடி வரைய வேண்டும். எஸ்விஜியில் குண்டு தனி உறுப்பு. தொடுதலை அதனிடமே கட்டிவிட்டு, சாய்வுக் கோணத்தை மட்டும் மாற்றினால் போதும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. உள்ளே எழுதிய தமிழைத் தேடலாம், நகலெடுக்கலாம். பார்வையற்ற மாணவனுக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்தும் காட்டும். இத்தனைக்கும் இது 2001-லேயே தரநிலையாக வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2011 வரை அதைச் சீந்தவே இல்லை, அந்தக் கொடுமையை என்ன சொல்ல!

வாயு மூலக்கூறுகள் முட்டி மோதுவதைக் காட்டும் பாடம் ஒன்று யோசித்திருக்கிறாயே, அதற்கு மட்டும் கான்வாஸ். ஆயிரக்கணக்கான துகள்களைத் தனித்தனி உறுப்புகளாக வைத்தால் எஸ்விஜி திணறிவிடும். உலாவியில் வரைய இன்னொரு வழியான வெப்ஜிஎல் முப்பரிமாணத்துக்கு நல்லதுதான், ஆனால் உன் பாடங்களுக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை.

பழைய கோப்புகளைத் தூக்கி எறிந்துவிடாதே. ரஃபிள் என்று ஓர் இலவச மென்பொருள், ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியிலேயே ஓட்டுகிறது. இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 முதல் பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளை இதை வைத்துத்தான் காட்டுகிறது. ஃபிளாஷின் புதிய நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதியவை சில சமயம் சண்டித்தனம் செய்யும். உன் ஊசல் அதற்கு முந்தைய காலத்தது, ஓடிவிடும் என்றே நினைக்கிறேன். ஓடினால் இப்போதைக்கு அதைத் தொடாதே. ஒளிவிலகலை முதலில் எடு.

அதன் மூலக்கோப்பு இருந்தால் அனுப்பிவை. கதிர்கள் வளையும் கணக்கை எப்படி எழுதியிருக்கிறாய் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி