எம்-420 மாதிரி எஞ்சின்: காத்திருந்தால் கிடைக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கே கனடாவில் இருக்கிற மாதிரி ரயில் நிறுவனம் ஒன்று, மொன்றியல் லோக்கோமோட்டிவ் வேர்க்ஸ் கட்டிய எம்-420 டீசல் எஞ்சினை எச்ஓ அளவில், அதாவது 87இல் ஒரு பங்காக, மாதிரி செய்யப்போகிறது என்ற செய்தியைப் போட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. தமிழ்ப் பத்திரிகையில் மாதிரி ரயில் பற்றி வாசிப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் செய்தி விலையைச் சொன்னதோடு முடிந்துவிட்டது, வாசித்தவர்களும் விலையைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய எங்கள் ஆட்களே "இப்ப என்ன அவசரம், வரட்டும், பிறகு கடையில் மலிவு போடும்போது பார்ப்போம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். புது மாதிரி எஞ்சின் ஒன்றின் உடலை வார்க்கிற அச்சை வெட்டுவதுதான் பெரிய செலவு, அதில் எத்தனை வார்த்தாலும் அந்தச் செலவு குறையாது. அமெரிக்க எஞ்சின் என்றால் பிரச்சினை இல்லை, ஒரே உடலைப் பல ரயில் கம்பனிகளின் நிறத்தில் அடித்து விற்றுவிடலாம். எம்-420 அப்படியல்ல. 1973க்கும் 1977க்கும் இடையில் கட்டியதில் எண்பது எஞ்சின் கனடாவின் பெரிய ரயில் கம்பனியான சிஎன்னுக்குப் போனது, கொஞ்சம் பிரிட்டிஷ் கொலம்பியா ரயில்வேக்கு, ஒரு சில அமெரிக்காவில் பிராவிடன்ஸ் அண்ட் வூஸ்டர் ரயில் கம்பனிக்கு, கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே கடைகளில் முன்பதிவு எவ்வளவு விழுகிறது என்று பார்த்துத்தான் எந்த நிறத்தில், எந்த இலக்கத்தில், எத்தனை செய்வது என்று தீர்மானிப்பார்கள். மிச்சம் வரும், மலிவாக எடுக்கலாம் என்று இருப்பவர் பிறகு பழைய சாமான் மேசையில் கூடிய விலை கொடுத்துத்தான் அதே எஞ்சினை வாங்க வேண்டி வரும். கனடா எஞ்சின்களில் இதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம்.

சரி, அப்படி என்ன இருக்கிறது இந்த எஞ்சினில்? அதன் முகத்தைப் பாருங்கள். அதுவரை இந்த வகைச் சரக்கு எஞ்சின்கள் பெரும்பாலானவற்றுக்கு ஒடுக்கமான மூக்குத்தான், தண்டவாளக் கடவையில் லொறி ஒன்றில் மோதினால் உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே உத்தரவாதமில்லை. சிஎன் ரயில்வே தன் ஓட்டுநர்களின் கருத்தையும் கேட்டு, எஞ்சினின் முழு அகலத்துக்கும் உறுதியான மூக்கும், நிமிர்ந்து உட்கார இடமும் உள்ள ஓட்டுநர் அறையை வடிவமைத்தது. 1973இல் அது வந்து இறங்கிய முதல் எஞ்சின்களில் எம்-420உம் ஒன்று. பதினைந்து வருஷம் கழித்துத்தான் அமெரிக்கக் கம்பனிகள் அந்த வழிக்கு வந்தன. இன்றைக்கு நீங்கள் கடவையில் காரை நிறுத்திவிட்டுப் பார்க்கிற பெரிய சரக்கு எஞ்சின்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்த அகன்ற மூக்குத்தான். அமெரிக்காவில் எஞ்சின் கட்டிவந்த ஆல்கோ கம்பனி 1969இல் மூடிய பிறகும் மொன்றியல்காரர் விடாமல் ஆல்கோவின் வடிவமைப்புகளைத் தொடர்ந்து கட்டினார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு முக்கியமான எஞ்சின் என்று விளங்கும்.

இதை வைத்திருக்க ஆசைப்பட்டவர்கள் இதுவரை பட்ட பாடு கொஞ்சமல்ல. ஸ்காபரோவில் என் நண்பர் ஒருவர் அமெரிக்க ஆல்கோ எஞ்சினின் உடலை அறுத்து, பிளாஸ்டிக் தகட்டில் மூக்குச் செய்து, உப்புக்காகிதத்தால் தேய்த்துத் தேய்த்து ஒன்று செய்தார். வடிவாகத்தான் வந்தது. ஆனால் சிஎன்னின் கறுப்பு உடலில் சரிவாக ஓடுகிற அந்த வெள்ளை வரிகள் இருக்கிறதே, அவை எஞ்சின் கதவுகளின் கைபிடி, கீல் எல்லாவற்றின் மேலாகவும் நேராகப் போக வேண்டும். ஒட்டுப்படத்தை ஈரத்தோடு வைத்து, கரைசல் பூசி, ஊசியால் கீலுக்குள் அமுக்கும்போது ஒரு வரி கிழிந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் உரித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். இன்னொன்று, சில்லுகளைத் தாங்குகிற போகி. எஞ்சின் இழுக்கத் தொடங்கும்போது பாரம் ஒரு சோடிச் சில்லிலிருந்து மற்றதுக்கு மாறிச் சில்லு வழுக்குவதைத் தடுக்கத் தனியாக வடிவமைத்த போகி அது. சாதாரண ஆல்கோ எஞ்சினில் இருந்து கழற்றிப் போட்டால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

அப்புறம், குறை சொல்கிறவர்கள். டிச் லைட், அதாவது முன்னால் கீழே இருக்கிற சோடி விளக்கு, எங்கே வரும், மணி எங்கே வரும் என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது. என்னைக் கேட்டால் அது நல்ல சண்டை. இந்த எஞ்சின்கள் சிஎன்னில் 2500 முதல் 2579 வரை இலக்கத்தோடு வந்தவை, 1980களில் அவற்றை 3500 வரிசைக்கு மாற்றினார்கள், இடையில் விளக்கும் நிறமும் மாறின. 2500 இலக்கத்தை ஒட்டி, பிற்காலத்து விளக்கை வைத்து விற்றால் அது எந்தக் காலத்துக்கும் உரிய எஞ்சினாக இராது. ஆனால் சண்டையை எங்களுக்குள் மட்டும் போட்டு என்ன பலன்? படத்தோடு, வருஷத்தோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள், அதுவும் அச்சு வெட்ட முதல். வெட்டிய பிறகு எழுதினால் அவர்களால் பெரிதாக ஒன்றும் மாற்ற முடியாது.

நான் சத்தம் போடுகிற வகையைத்தான் ஓடர் போட்டிருக்கிறேன். கூடுதல் காசுதான், ஆனால் எனக்கு அது வேண்டும். 1975இல் மொன்றியலில் இருந்து இலங்கைக்கு வந்த எம்-4 எஞ்சின்கள் இதே தொழிற்சாலையில் கட்டியவை, அவற்றின் உள்ளே இருப்பதும் எம்-420இல் இருக்கிற அதே பன்னிரண்டு சிலிண்டர் ஆல்கோ 251 டீசல் மோட்டார்தான். வாரணாசியில் கட்டிய இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 எஞ்சினுக்குள்ளும் இதே குடும்பத்து மோட்டார், அதில் பதினாறு சிலிண்டர். ஆகவே தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்கும் அந்தச் சத்தம் பழக்கமானது. நின்ற இடத்தில் கடகடவென்று உறுமுவதும், இழுக்கத் தொடங்கும்போது முதலில் கரும்புகையைக் கக்கிவிட்டு அதன்பிறகு வேகமெடுப்பதும் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதை மேசையில் வைத்துக் கேட்கச் செய்யலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1980களிலும் 90களிலும் இங்கே வந்த எங்கள் ஆட்களில், வோன் நகரில் உள்ள மக்மிலன் யார்ட் என்ற சிஎன்னின் சரக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். சிஎன்னின் எம்-420கள் 90களின் கடைசி வரை ஓடின. ஊருக்கு அனுப்ப எடுத்த படம் ஒன்றின் பின்னால் அப்படியொரு எஞ்சின் நிற்கக்கூடும். எஞ்சினின் இலக்கம் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால், எடுத்த வருஷத்தையும் குறித்து உங்கள் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லி ஒரு சிறு அறிவிப்புப் போடுங்கள், நான் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்புகிறேன். முன்பதிவு முடிகிற திகதியையும் கடைகளில் கேட்டு அடுத்த இதழில் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் வாசகர்,
ஸ்காபரோ