1857இல் ஏது த்ரீ நாட் த்ரீ?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் 1857 கிளர்ச்சி பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் அதோடு போட்டிருந்த படத்தில் இருப்பது லீ என்ஃபீல்டு. நம் ஊர்க் காவல் நிலையங்களில் பாராக்காரர் தோளில் பார்த்த த்ரீ நாட் த்ரீ ரகம். அது பிரிட்டிஷ் படைக்கு வந்தது 1895இல். சிப்பாய்களிடம் நீட்டப்பட்டது 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம்தான்.

கும்பகோணத்துக்காரனான எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், அந்த 1853 மாதிரியின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் பதினோரு வருடமாகக் குறி பார்த்துச் சுட்டு வருகிறேன். துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம், கரிமருந்துக்குத் தனி உரிமம். நீளம் நாலரை அடிக்கு மேல். கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இரும்புச் சலாகையால் இடித்து இறக்கி, கடைசியில் தீப்பொறி தரும் செம்புக் கேப்பைச் செருக வேண்டும். அன்றைய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடப் பழகியவர். எங்கள் போட்டியில் அரை மணி நேரத்தில் பதின்மூன்று குண்டு. அதில் சிறந்த பத்துக்குத்தான் மதிப்பெண். எனக்கு அந்த அரை மணியும் போதுவதில்லை.

இனி அந்தக் கடிக்கிற விஷயம். கொழுப்புத் தடவிய குண்டைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. அப்படியில்லை. தோட்டா என்பது ஒரு காகிதக் குழாய். ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. கடித்துக் கிழிப்பது மருந்து முனையை. கொழுப்பு தடவுவது குண்டு இருக்கும் முனையில். ஒருமுறை ஆசைக்காக அதே மாதிரி தோட்டா சுருட்டிக் கடித்துப் பார்த்தேன். வெடியுப்பின் உப்புக் கரிப்பு நாக்கில் ஏறி, உதடெல்லாம் கருத்துவிட்டது. கொழுப்பு வாயில் படவில்லை. ஆனால் தோட்டாவைத் திருப்பிக் குண்டை நுழைக்கும்போது விரலெல்லாம் பிசுக்கு. அடுத்த தோட்டாவை எடுப்பதும் அதே விரல்தான், அது போவதும் வாய்க்குத்தான். மே மாத மீரட் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பசு, பன்றிக் கொழுப்பு வாயில் படும் என்ற சிப்பாய்களின் அச்சத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு நாள் இதைச் செய்து பார்க்கலாம்.

கொழுப்போ வேறு பிசுக்கோ இல்லாமல் சுட முடியாதா? முடியாது. கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் கெட்டியாகக் கசடு படியும். பிசுக்கு ஏதும் இல்லாவிட்டால் நாலைந்து சுற்றுக்குப் பிறகு குண்டு பாதியிலேயே நின்றுவிடும். நான் முட்டைகூடத் தொடாதவன். தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கிப் பூசுகிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. இங்கே நண்பர்கள் சிலர் இன்றும் மாட்டுக்கொழுப்புதான் கலக்கிறார்கள். அன்றைக்குக் கம்பெனியின் ஆயுதச்சாலையில் எந்த விலங்கின் கொழுப்பு என்று யாரும் கவனமாகப் பார்க்கவில்லை. என் வீட்டு அடுப்பில் பத்து நிமிடத்தில் முடிகிற காரியம். (அப்புறம் அழுகின முட்டை நாற்றத்தோடு குழலை வெந்நீர் விட்டுக் கழுவுவதும் அதே சமையலறையில்தான். அதைப் பற்றி என் மனைவி தனியாக ஒரு கடிதம் எழுதக்கூடும்.)

அடுத்த முறை கட்டுரை வரும்போது படத்தையாவது மாற்றிவிடுங்கள். என் துப்பாக்கியின் படம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

– வாசகர், வோக்கிங், இங்கிலாந்து