முதல் நான்கு வாரம் தீர்வைப் பற்றிப் பேச வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சமூகப் பிரச்சினையைத் தொழில் வழியில் தீர்க்கக் கற்றுத்தரும் சமூகத் தொழில்முனைவுப் பாடத்தை நடத்தும் வேலையை இந்தப் பருவம் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய 12 வாரத் திட்டத்தையும் படித்தேன். இரண்டாம் வாரமே யோசனைப் போட்டி என்று போட்டிருக்கிறாய். அதை மட்டும் எடுத்துவிடு, முதல் நான்கு வாரம் தீர்வைப் பற்றிய பேச்சே வேண்டாம். மேடையேறி "நாங்கள் ஒரு செயலி செய்யப்போகிறோம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிய பிள்ளை, மிச்சம் 10 வாரமும் அந்தச் செயலிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கும். களத்துக்குப் போனாலும் தனக்குச் சாதகமான பதிலைத்தான் கேட்டு வாங்கிவரும்.

முதல் வகுப்பில் வரையறையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே. ஒரு கணக்குப் போடச் சொல். தென்னாப்பிரிக்காவில் பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்றுவார்கள், அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலே இருக்கும் தொட்டிக்கு ஏறும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் ஒட்டி, அந்த வருமானத்தில் பராமரிப்பு நடக்கும் என்றார்கள். 2006இல் அமெரிக்காவில் இதற்கு 1.64 கோடி டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. 2010க்குள் 4000 பம்பு இலக்கு. இப்போது பிள்ளைகளிடம் மூன்று எண்களை மட்டும் கொடு: ஒரு பம்பு 2500 பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், பம்பு மணிக்கு 1400 லிட்டர் இறைக்கும். பெருக்கி வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 27 மணி நேரம் ராட்டினம் சுற்ற வேண்டும் என்று வரும். குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள்தான் அந்தச் சக்கரத்தைத் தள்ளினார்கள். பல கிராமத்துத் தொட்டிகளில் விளம்பரம் போட யாரும் வரவில்லை, பழுதானவற்றில் பல பழுதாகவே கிடந்தன. அதைச் செய்தவர்களின் நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. நல்ல நோக்கம் இருந்ததால் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு குழு பிரி. நாலு பேருக்கு மேல் வேண்டாம், ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பான். பிரச்சினையைத் தேர்ந்தெடுக்க மூன்று நிபந்தனை வை: நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களை முகம் பார்த்துப் பேச முடிய வேண்டும், ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு கருவியால் அளக்க முடிய வேண்டும். "பருவநிலை மாற்றம்" என்று வந்தால் திருப்பி அனுப்பு. "எங்கள் உணவுக்கூடத்தில் மதியம் எவ்வளவு சாப்பாடு குப்பைக்குப் போகிறது, ஏன்" என்று வந்தால் ஏற்றுக்கொள்.

நேர்காணலுக்கு இருவராகப் போகட்டும். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. ஒரு குழு குறைந்தது பத்துப் பேரிடமாவது பேச வேண்டும். "இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?" என்ற கேள்விக்குத் தடை போடு. முகத்துக்கு நேரே கேட்டால் எல்லோரும் வாங்குவேன் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக இந்தத் தொந்தரவு எப்போது வந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? எவ்வளவு செலவாயிற்று?" என்று நடந்ததைக் கேட்கச் சொல். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது ஊழியரிடம் கேட்கவே கூடாது. கருத்துப் படிவத்தையும் நம்பிவிடாதே. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை மாதவிடாய் நாப்கினுக்காக மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் படிவம் கொடுத்தார். ஒருசில பெண்கள் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்த பிறகுதான் வேறு வழி தேடினார்.

உணவுக்கூடக் குழுவையே எடுத்துக்கொள்வோம், எப்படியும் உன் வகுப்பில் ஒரு குழு அதைத்தான் எடுக்கும். ஒரு தராசு, மூன்று வாளி போதும். ஒன்றில் தட்டில் மிஞ்சியது, ஒன்றில் சமைத்துப் பரிமாறாமல் மிஞ்சியது, ஒன்றில் காய்கறித் தோல். காலி வாளியின் எடையை முதலில் குறித்துக் கழிக்க வேண்டும், பாதிக் குழுக்கள் இதை மறக்கும். அன்று சாப்பிட்டவர் எண்ணிக்கையும் வேண்டும். ஆளுக்கு எத்தனை கிராம் என்று வகுத்தால்தான் நாளோடு நாளை ஒப்பிட முடியும். தராசு வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்தாலே ஆட்கள் தட்டில் குறைவாகத்தான் விடுவார்கள். ஆகவே முதல் இரண்டு நாள் கணக்கைத் தள்ளிவிட்டு அடுத்த ஐந்து நாளை எடுத்துக்கொள்ளச் சொல்.

தட்டில் மிஞ்சுவது அதிகமா, பாத்திரத்தில் மிஞ்சுவது அதிகமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாத்திரத்தில் மிஞ்சினால் அது சமையலறைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத பிரச்சினை. காலை பத்து மணிக்குள் எண்ணிக்கை சொல்ல ஒரு ஏற்பாடு செய்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும், கழிவை மட்கவைத்து உரமாக்கும் குழியே தேவைப்படாது. இதைப் பார்க்காமல் குழி தோண்டுகிற குழுதான் அதிகம்.

தோண்டத்தான் வேண்டும் என்று வந்தால் முறையைச் சரியாகச் சொல்லிக்கொடு. ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, கொள்ளளவில். கரிமமும் நைட்ரஜனும் 25–30க்கு 1 என்ற விகிதத்துக்குப் பக்கத்தில் வர இது உதவும். குவியல் நீள அகல உயரத்தில் ஒவ்வொரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் ஈரம் அதிகம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, கிளறி இலை சேர்க்க வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் இலை போதவில்லை. சூடே ஏறவில்லை என்றால் குவியல் சிறிது அல்லது காய்ந்துவிட்டது. புகார் வந்து இந்த வேலை நிற்பதெல்லாம் இந்த நாற்றத்தால்தான்.

துப்புரவுப் பணியாளரிடம் பேசாமல் எந்தக் குழுவையும் குப்பையில் கை வைக்க விடாதே. பாட்டில், அட்டை, தாள் விற்ற காசு பல இடங்களில் அவர்கள் வருமானத்தில் ஒரு பகுதி. மாணவர்கள் உலர் கழிவைப் பிரித்து விற்று "நிதி திரட்டினோம்" என்று அறிக்கை எழுதினால், அந்தக் காசு யார் பையிலிருந்து வந்தது என்று கேள்.

இனி கணக்கு. எத்தனை பை விற்றாலும் மாறாத மாத நிலைச் செலவு 3000 ரூபாய், ஒரு பை உரம் 50க்கு விற்கும், ஒவ்வொரு பைக்கும் கூடும் மாறும் செலவு 20 என்று வைத்துக்கொள். பைக்குக் கையில் நிற்பது 30; 3000ஐ 30ஆல் வகுத்தால், 100 பை விற்றால்தான் நட்டம் இல்லாமல் ஓடும். உணவுக்கூடத்தில் நாளுக்கு 25 கிலோ ஈரக்கழிவு, மாதம் 24 நாள் என்றால் 600 கிலோ. மட்கியபின் நாலில் ஒரு பங்கு நின்றால் 150 கிலோ, 5 கிலோ பையாகப் போட்டால் 30 பை. மாணவர்களின் இலவச உழைப்பைச் செலவில் சேர்க்காமலே இந்த நிலைமை! உரம் விற்று இதை நடத்த முடியாது. குப்பை அள்ளக் காசு கொடுத்துக்கொண்டிருக்கும் நிர்வாகம்தான் உண்மையான வாடிக்கையாளர். அள்ளும் செலவு எவ்வளவு குறைகிறது என்று காட்டி அதில் ஒரு பங்கைக் கேட்க வேண்டும். பயன் பெறுபவர் ஒருவர், காசு தருபவர் இன்னொருவர் என்பதை இந்த ஒரு கணக்கிலேயே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனையை அதன் பிறகு சொல். மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. காசு உள்ளவர் கொடுப்பதிலிருந்து இல்லாதவருக்கும் சிகிச்சை நடக்கிறது என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அறுவை இலவசம் என்று சொல்லியும் வர முடியாதவர்கள் இருந்தார்கள்; பயணமும் சாப்பாடும் தடையாக இருந்ததால் அதையும் ஏற்பாடு செய்தார்கள். அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் இறக்குமதி லென்ஸின் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். தடை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போன விதத்தைத்தான் நீ எடுத்துச்சொல்ல வேண்டும்.

அறிக்கையில் "500 பேருக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்" என்று இருந்தால் அது நீங்கள் செய்த வேலை; என்ன மாறியது என்று எழுதிவா என்று திருப்பிக் கொடு. ஒடிசாவில் புகை குறைந்த அடுப்புகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முதல் ஆண்டு புகை குறைந்ததும் பிறகு அந்தப் பலன் காணாமல் போனதும் தெரிந்தது. அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தவுமில்லை, பழுது பார்க்கவுமில்லை. அதனால் 12ஆம் வாரத்தில் ஒரு கேள்வி கட்டாயம்: விடுமுறையில் இதை யார் பார்ப்பார்கள், சாவி யாரிடம்? பதிலாக ஓர் ஆளின் பெயர் வர வேண்டும், "நிர்வாகம்" என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது: பிரச்சினையைப் புரிந்துகொண்ட விதத்துக்கு 30, களக்குறிப்புகளுக்கு 25, வரவுசெலவுக்கு 20, அளவீட்டுக்கு 15, மேடைப்பேச்சுக்கு 10. எங்கள் யோசனை வேலை செய்யாது என்று ஆதாரத்தோடு நிறுத்திவிட்ட குழுவும் முழு மதிப்பெண் வாங்கலாம் என்று அந்தத் தாளிலேயே எழுதி முதல் வாரமே கொடுத்துவிடு. துறைத்தலைவர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்றால் அந்த 10ஐ 20 ஆக்கி அவரைச் சமாளி, 30இல் மட்டும் கை வைக்க விடாதே.

புதிய பாடத்திட்டத்தைத் திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா