வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எமிஸில் இடம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கல்வி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘சட்டத்தில் தடை இல்லை, தைரியமாக ஆரம்பிக்கலாம்’ என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் நிறுத்துகிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்த நினைக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் போதாது.

என் மகள் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குப் பேச்சு திக்கும். வீட்டில் தம்பிக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவள், வகுப்பில் எழுப்பினால் வாயே திறப்பதில்லை. டீச்சர்கள் மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வரும் ஜூன் முதல் வீட்டிலேயே படிக்கட்டும் என்று நானும் அவள் அப்பாவும் முடிவு செய்தோம். டி.சி. கேட்டுப் போனால் முதல் கேள்வியே, “எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?” நியாயமான கேள்விதான். பதில்தான் என்னிடம் இல்லை.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு உடனே டி.சி. கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 5. எந்தப் பள்ளிக்கும் போகாத பிள்ளையைப் பற்றி அங்கே பேச்சே கிடையாது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது பிரிவு 10. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் சட்டம் வைக்கவில்லை. கட்டுரையாளர் ‘தடை இல்லை’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் எமிஸ் பதிவு, அதாவது ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கல்வித்துறை கணினியில் வைத்திருக்கும் பதிவு, என்ன ஆகும்? பெயர் ‘காமன் பூல்’ என்கிற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். இன்னொரு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். அப்புறம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

அவர்கள் சந்தேகப்படுவதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். இது சேலம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து வேலை பார்த்த ஊர். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறது. ‘வீட்டில் படிக்கிறாள்’ என்று யார் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொண்டு போனால் எத்தனை பிள்ளைகள் பட்டறைக்குத் திரும்பும்? அதனால் எங்களைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆனால் எல்லாரையும் ஒரே கண்ணால் பாருங்கள். ஏற்காட்டில் எஸ்டேட் வீடு எடுத்துத் தங்கி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தால் அது ‘மாற்றுக் கல்வி’. அதே மலையில் காப்பிப் பழம் பறிக்கிற மார்கழி, தை மாதங்களில் பள்ளிக்கு வராத பிள்ளை ‘இடைநின்றவன்’. அந்தப் பையனைப் பள்ளிக்கு அழைத்து வரத்தான் வேண்டும். ஆனால் முதல் வீட்டில் பாடம் நடக்கிறதா என்று யாராவது போய்க் கேட்டார்களா?

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொரு விஷயம் இழப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் பிறகு அதை விரித்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே 6 முதல் 12 கணக்குதான். என் மகளை இப்போது நிறுத்தினால் இரண்டும் போய்விடும். தெரிந்துதான் முடிவு எடுத்தோம். தெரியாமல் எடுப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

எனக்குச் சிரிப்பு வருவது எதற்கென்றால், கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வியில் நான் தன்னார்வலராக இருந்தேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தர அரசே பயிற்சி கொடுத்து, மாதம் 1,000 ரூபாயும் கொடுத்தது. ஊரார் பிள்ளைக்கு நான் டீச்சர், என் பிள்ளைக்கு இல்லை!

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கே ஆசிரியர்கள் போய்ச் சொல்லித்தருகிறார்கள். அவர்களுக்கு உள்ளதுபோல எமிஸில் எங்களுக்கும் ஒரு கட்டம் திறந்து, ‘வீட்டில் கற்பவர்’ என்று பதிந்து, கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒருவர் வந்து பிள்ளையின் நோட்டைப் பார்த்து, பிள்ளையோடு தனியாகப் பேசி ஒரு தாள் கொடுத்தால் போதும். தேறவில்லை என்றால் பள்ளிக்கு அனுப்பு என்று சொல்லட்டும், அனுப்புகிறோம். பத்தாம் வகுப்புக்கு 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) இருக்கிறது. அதற்கு முன்னால், பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். இடையில் இருக்கிற ஆண்டுகளுக்குத்தான் ஒரு காகிதமும் இல்லை.

கல்வித்துறையிடம் உங்கள் நிருபர் இதைக் கேட்டு எழுதினால் நன்றாயிருக்கும். இன்னொன்று, சேலம் மாவட்டத்தில் பிள்ளையை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வைத்த பெற்றோர் யாராவது இருந்தால், விண்ணப்பத்தோடு என்னென்ன காகிதம் கேட்டார்கள், டி.சி. இல்லாமல் ஏற்றுக்கொண்டார்களா என்று இந்தப் பகுதிக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.