புகார்: மங்காவையும் (ஜப்பானியப் படக்கதை) நாவலையும் 'பாகம் 1, பாகம் 2' என்று எண் போட்டு விற்றது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு வருடமாக உங்களிடம்தான் புத்தகம் வாங்குகிறேன். அட்டை மடங்கி வந்தபோதும், பார்சல் தாமதமானபோதும் நான் புகார் எழுதியதில்லை. இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் என் அக்கா மகளின் பிறந்தநாளுக்காக 'ஆல் யூ நீட் இஸ் கில்' மூன்று புத்தகத் தொகுப்பை 2,150 ரூபாய்க்கு வாங்கினேன். அவளுக்கு இந்தக் கதையை வைத்து எடுத்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' படம் ரொம்பப் பிடிக்கும். உங்கள் பக்கத்தில் "படத்தில் முடிந்த கதை இங்கே தொடர்கிறது" என்று போட்டிருந்தது. கீழே வரிசையும் இருந்தது: பாகம் 1 மங்கா, பாகம் 2 நாவல், பாகம் 3 அமெரிக்க கிராஃபிக் நாவல் (அதுவும் படக்கதைதான்). புத்தகங்களின் முதுகிலும் நீங்களே 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருந்தீர்கள்.

இதில் ஒன்றுகூட இன்னொன்றின் தொடர்ச்சி இல்லை. ஹிரோஷி சகுராசகா நாவலை எழுதியது 2004இல். அதிலிருந்துதான் மற்றவை எல்லாம் வந்தன. 2014இல் ரியோசுகே தகேவுச்சி கதையைக் காட்சிகளாகப் பிரித்துக் கொடுக்க, தகேஷி ஒபாதா வரைந்து 'வீக்லி யங் ஜம்ப்' இதழில் மங்காவாக வந்தது. அதே வருடம்தான் டாம் குரூஸ் நடித்த படமும் வந்தது, அமெரிக்க கிராஃபிக் நாவலும் வந்தது. ஒரே நாவலை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தொடங்கிய இடத்திலிருந்து தானே நடந்து தானே முடிகிறது.

வேறு கதையாக இருந்திருந்தால் பத்துப் பக்கத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். இது அப்படிப்பட்ட கதை இல்லை. கதாநாயகனான சிப்பாய் கேய்ஜி கிரியா முதல் போரிலேயே சாகிறான், முந்தின நாள் காலையில் படுக்கையில் விழிக்கிறான், மறுபடி போருக்குப் போய்ச் சாகிறான். எத்தனையாவது சுற்று என்பதை விழித்ததும் கையில் பேனாவால் எழுதிக்கொள்வான். எங்கள் பெண்ணும் ஒரு நோட்டில் அவனோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். மங்கா 160ஆவது சுற்றில் முடிகிறது. அந்த முடிவில், இந்தச் சுழற்சியை அறுக்க, தன்னோடு சேர்ந்து போரிடும் ரீட்டா விரதாஸ்கியைக் கேய்ஜி தன் கையாலேயே கொல்ல வேண்டியிருக்கிறது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் 'பாகம் 2'ஐ எடுத்தாள். கேய்ஜி மறுபடி முதல் போரில் சாகிறான், ரீட்டா உயிரோடு வந்து பக்கத்தில் உட்கார்கிறாள். நோட்டில் 161 என்று எழுதியிருக்கிறாள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். சுழற்சி இன்னும் அறுபடவில்லை, அவன் செய்த கொலை வீண், ரீட்டாவைக் காப்பாற்ற இன்னொரு வழி வரப்போகிறது என்று நம்பி அந்த நாவல் முழுவதையும் படித்திருக்கிறாள். ஜப்பானில் சாப்பிட்டு முடித்ததும் தரும் கிரீன் டீ இலவசம் என்கிறார்களே, உண்மையா என்று போர்க்களத்தில் ரீட்டா கேட்கும் இடம் நாவலிலும் வருகிறது. இதை ஏற்கெனவே கேட்டாளே, அப்படியென்றால் அவளுக்குப் பழைய சுற்று ஞாபகம் இருக்கிறது என்று ஓரத்தில் குறிப்பு எழுதி மூன்று கோடு போட்டிருக்கிறாள். கடைசியில் அதே முடிவு, அதே சாவு. என்னைக் கூப்பிட்டு, "சித்தி, மூணாவது புக்லயாவது அவ பிழைப்பாளா?" என்று கேட்டாள். அந்தப் புத்தகத்தை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

எனக்கு இதில்தான் தாங்கவில்லை. அந்த நாவலைத் தனியாகப் படிக்கிறவருக்குக் கிடைப்பது வேறு. அது கேய்ஜியே 'நான்' என்று சொல்லும் கதை. நடுவில் ஒரு அத்தியாயம் மட்டும் அவனை விட்டுவிட்டு ரீட்டாவின் பழைய வாழ்க்கைக்குப் போகும். அந்தப் பெயர்கூட அவளுடையது இல்லை, பட்டாளத்தில் சேர வேறொருத்தியின் அடையாளத்தை எடுத்துக்கொண்டவள் என்று அங்கே படிக்கும்போது மனசு கனத்துப்போகும். எங்கள் பெண் அந்த அத்தியாயத்தில் துப்புதான் தேடியிருக்கிறாள்.

படத்தின் தொடர்ச்சி என்று போட்டது இன்னும் பெரிய தவறு. படத்தில் கேய்ஜியே கிடையாது. அவன் இடத்தில் கேஜ் என்ற அமெரிக்க அதிகாரி. போர் ஐரோப்பாவில் நடக்கிறது, முடிவில் ரீட்டா உயிரோடு இருக்கிறாள். இங்கிருந்து எந்தக் கதை அங்கே தொடரும்?

இரண்டு முறை உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். "மூன்றிலும் ஒரே கதைதான், அதனால் குறைபாடு இல்லை" என்று எழுத்திலும் பதில் வந்தது. சரி, ஒரே கதை என்றால் பாகம் 1, 2, 3 என்று எதற்குப் போட்டீர்கள்?

எது அதிகாரபூர்வமான கதை ('கேனன்') என்று ரசிகர்கள் சண்டை போடுவது வெட்டிப் பேச்சு இல்லை என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 'ஸ்டார் வார்ஸ்' விஷயத்தில் 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனமே, பழைய நாவல்கள் இனி அதிகாரபூர்வக் கணக்கில் சேராத 'லெஜன்ட்ஸ்', புதிதாக வருபவை படங்களோடு ஒரே கணக்கு என்று அறிவித்தது. அதனால் 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' என்ற ஸ்டார் வார்ஸ் மங்காவைப் படிப்பவருக்கு அதன் மூல நாவல் எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரியும். 'ஆல் யூ நீட் இஸ் கில்'லுக்கு அப்படி எந்த வரிசையும் கிடையாது. விற்கிற நீங்களாக ஒரு வரிசையை உண்டாக்கக் கூடாது. அப்புறம், 'லெஜன்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' என்ற இன்னொரு ஜப்பானிய நாவல் தொடரின் பக்கத்திலும் இதையே செய்திருக்கிறீர்கள். யோஷிகி தனகாவின் பத்து நாவல்களுக்குப் பின்னால் ர்யூ ஃபுஜிசாகியின் மங்காவை 11, 12 என்று அடுக்கியிருக்கிறீர்கள். அந்த மங்கா கதாநாயகன் ரெய்ன்ஹார்டின் சிறுவயதிலிருந்து தொடங்குகிறது. பத்தாவது நாவலை முடித்தவர் அதை எப்படிப் பதினொன்றாவதாகப் படிப்பார்?

பிரிக்காத மூன்றாவது புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் பணத்தைத் தர வேண்டும். அடுத்த வாங்கலுக்கான கூப்பன் எனக்கு வேண்டாம். முதல் இரண்டையும் அவள் கொடுக்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். பக்கத்தில் இருக்கும் பாக எண்களையும் அந்த 'தொடர்கிறது' வரியையும் எடுத்துவிட்டு, மூல நாவல் எது, அதைத் தழுவியவை எவை, யார் எழுதியது, யார் வரைந்தது, எந்த வருடம் என்று போடுங்கள். இதே தொகுப்பை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்களில் யாராவது இன்னும் இரண்டாவது புத்தகத்தைத் திறக்காமல் இருக்கலாம்.

ரசீது, ஸ்டிக்கர் ஒட்டிய மூன்று புத்தகங்களின் படம், உங்கள் பதில் மின்னஞ்சல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்